மக்கு உரம் பைக்குள் போகும் முன்

நம் ஊர் நர்சரிகளில் பை நிரப்பும் இடத்தில் போய் நின்றால் ஒரே கணக்குதான் காதில் விழும்: செம்மண் ரெண்டு சட்டி, மணல் ஒரு சட்டி, எரு ஒரு சட்டி. இந்தக் கணக்கில் தப்பில்லை. இதில் வளர்ந்த கன்றுகள்தான் இன்று தோப்பாக நிற்கின்றன. ஆனால் அந்த இரண்டு சட்டிச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளும் பையில் ஒரு லட்சம் கன்று போடும் நர்சரிக்கு 100 கன மீட்டர் கலவை வேண்டும். அதில் பாதி செம்மண் என்றால் 50 கன மீட்டர். நிலத்தில் நான்கு அங்குல ஆழத்துக்குச் சுரண்டினால் சுமார் 12 சென்ட் இடத்தின் மேல்மண் போய்விடும். ஒவ்வொரு ஆண்டும் இப்படி 12 சென்ட். எங்கோ ஓர் ஏரிக்கரையோ மானாவாரிக் காடோ அதைக் கொடுத்துவிட்டு மொட்டையாகக் கிடக்கிறது. மரம் நட வேண்டும் என்று கன்று வளர்க்கும் நாம் அதற்காக ஒரு நிலத்தை வெறுமையாக்குவது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நனைந்த செம்மண் கலவை லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவை எட்டும். நார்க்கழிவும் மக்கு உரமும் சேர்ந்த கலவை ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். வண்டி வாடகையில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். நாள் முழுக்கக் குனிந்து பை தூக்கி அடுக்கும் பெண்களின் இடுப்புக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மண்ணை எடுத்துவிட்டு மக்கு உரத்தைப் போட்டு நிரப்பிவிடலாமா? முடியாது. இங்கே ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். இங்கிலாந்துத் தோட்டக்கலைப் புத்தகங்களில் 'கம்போஸ்டில் விதை போடு' என்று இருக்கும். அங்கே கம்போஸ்ட் என்றால் தொட்டிக் கலவை என்றும் பொருள் உண்டு. 1930-களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸும் நியூவெல்லும் வகுத்த புகழ்பெற்ற ஜான் இன்னஸ் கம்போஸ்டில் தோட்டமண் 7 பங்கு, பீட் (சதுப்பில் படிந்த தாவரப் பொருள்) 3 பங்கு, மணல் 2 பங்கு. நாம் குவியல் போட்டு மக்க வைக்கும் உரம் அதில் இல்லவே இல்லை. இது தெரியாமல் புத்தகத்தையோ காணொளியையோ நம்பி, குழித்தட்டு முழுக்க வெறும் குப்பை உரத்தை நிரப்பி நாற்றை இழந்தவர்கள் பலர். இந்த நூலில் மக்கு உரம் என்றால் குவியலில் வெந்து, ஆறி, முதிர்ந்த எரு. கலவை என்றால் பைக்குள் போவது. மக்கு உரம் கலவையின் ஒரு பங்கு மட்டுமே.

பைக்குள் தண்ணீர் நிற்கும் விதம்

வயலில் வேருக்குப் பிடிக்காத இடம் வந்தால் விலகி வேறு பக்கம் ஓடும். உப்பு இருந்தால் மழை அதைக் கீழே இறக்கும். பையில் இரண்டுக்கும் வழியில்லை. ஒரு லிட்டர் இடத்துக்குள் தண்ணீர், காற்று, உப்பு மூன்றும் சரியாக இருந்தாக வேண்டும். மூன்றில் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது காற்று.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கையாக வையுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பான்ஜும் மாறவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. உயரம்தான் மாறியது. எந்தக் கலவையிலும் அடியில் ஓர் அளவு உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவைத் துகள்களின் பருமன். பையின் ஆழம் அதை மாற்றாது. ஆகவே ஒரே கலவையை ஓரடிப் பையில் போட்டால் அடியில் கொஞ்சம் ஈரம், மேலே நல்ல காற்று. அதையே ஒன்றரை அங்குலக் குழித்தட்டில் போட்டால் குழி முழுக்கச் சேறு. பையில் அருமையாக வந்த கலவை தட்டில் நாற்றை அழுகவைப்பதற்குக் காரணம் இதுதான். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்று நினைப்பதும் சரியல்ல. ஜல்லிக்கு மேலே அதே ஈரப் பட்டை அப்படியே ஏறி நிற்கும், வேருக்கு இருந்த இடம்தான் குறையும்.

காற்று எவ்வளவு என்று அளக்கக் கருவி வேண்டாம். நீங்கள் கன்று வளர்க்கும் அதே உயரமுள்ள ஒரு தொட்டியை எடுத்து அடித் துளைகளை டேப் ஒட்டி அடையுங்கள். ஒரு லிட்டர் கலவை போட்டு, மேலே பளபளவென்று நீர் தெரியும் வரை மெதுவாக ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்துக்கு மேல் பிடித்து டேப்பை உரித்துவிட்டு, வடிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். வடிந்த நீர் இருந்த இடத்தில்தான் இப்போது காற்று இருக்கிறது. 100 மில்லிக்குக் குறைவாக வடிந்தால் கலவை மூச்சுமுட்டும். 150-லிருந்து 200 வரை வடிந்தால் நிம்மதியாக இருக்கலாம். நன்றாக மக்கிய எருவில் பொடித்துகள் அதிகம் என்பதால், மக்கு உரம் கூடக் கூட இந்த அளவு இறங்கும். மக்கு உரத்தைக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கு என்று நான் நிறுத்துவதற்கு முதல் காரணம் இந்தக் காற்றுக் கணக்கு. உப்பு இரண்டாவது காரணம்.

எந்த எரு

மாட்டுச்சாணமும் இலைதழையும் சேர்த்து மக்க வைத்தது எப்போதும் நம்பகமானது. கரும்பாலைக் கழிவில் மணிச்சத்து நன்றாக இருக்கும், ஆனால் ஆலையிலிருந்து வந்த புதிதில் அது கொதிக்கும், ஆறவிட்டே சேர்க்க வேண்டும். மண்புழு உரம் மென்மையானது, நாற்றுக்கு உகந்தது, விலைதான் கூடுதல். கோழி எரு பைக் கலவைக்கு வேண்டாம். குவியலில் வேறு பொருளோடு சேர்த்து மக்க வைத்தால் ஒழிய, அதன் அம்மோனியாவையும் உப்பையும் இளங்கன்று தாங்காது.

நகரக் குப்பையிலிருந்து வரும் உரத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மக்கு உரத்துக்கு வைத்திருக்கும் வரையறையில் மின்கடத்துத்திறன், அதாவது நாம் ஈ.சி. என்று சொல்வது, 4-க்கு மேல் போகக் கூடாது. வயலுக்கு அது சரி, ஏக்கருக்கு விரவிவிடும்போது உப்பு பரந்துபோகும். பையில் அப்படியே போட்டால் அது நாற்றுக்கு மிக அதிகம். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் துணுக்கும் இருந்தால் பை நிரப்புகிறவர்களின் கையைக் கிழிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பிரித்து வாங்கிய ஈரக்கழிவில் செய்த உரமாக இருந்தால் மட்டும் நான் எடுப்பேன்.

தென்னை நார்க்கழிவைத் தனியாகப் பேச வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளின் பின்னால் ஒரு காலத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த பழுப்புத் தூள் இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. வெளிநாட்டு நர்சரிகள் பீட்டுக்கு மாற்றாக அதைத் தேடுகின்றன. பீட் சதுப்பில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் சேரும். நமக்கோ தேங்காய் உரிக்க உரிக்க மாற்றுப் பொருள் வந்துகொண்டே இருக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும், அதே நேரம் காற்றுக்கும் இடம் விடும். இவ்வளவு நல்ல பொருள் நம் வாசலிலேயே கிடைப்பது பெரிய கொடுப்பினை.

ஆனால் பச்சை நார்க்கழிவில் கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவையும் தாண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதை மக்க வைக்கச் சிப்பிக் காளானைப் பயன்படுத்தும் முறையைக் கொடுத்திருக்கிறது. நிழலில் ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி காளான் வித்து தூவி, அடுத்த 100 கிலோ பரப்பி அதன்மேல் ஒரு கிலோ யூரியா தூவி, இப்படி மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பழுப்பு கறுப்பாகி, விகிதம் 24-க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும். வயலுக்கு அந்த நிலையிலேயே போடலாம். பைக்கு என்றால் இன்னொரு மாதம் ஆறவிடுங்கள் என்பது என் வழக்கம்.

மக்க வைக்காத நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி விற்கும் கோகோபீட்டை நீர்பிடிப்புக்கும் காற்றுக்கும் மட்டும் நம்பலாம், சத்துக்கு நம்ப வேண்டாம். வாங்கும்போது 'லோ ஈ.சி.'யா 'ஹை ஈ.சி.'யா என்று கேளுங்கள். ஹை ஈ.சி. என்றால் சோடியமும் சாம்பல்சத்தும் கழுவப்படாதது. விலை குறைவு. தொட்டியில் ஊறவைத்து வடித்து இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினால் பயன்படுத்தலாம். உப்புக் கிணற்று நீரில் அலசினால் அலசாததற்குச் சமம்.

முதிர்ச்சி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: மக்குவது குவியலிலேயே முடிந்துவிட வேண்டும், பைக்குள் மிச்சம் இருக்கக் கூடாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் பட்ட அடி இது. ஆர்டர் நெருக்க, நாற்பது நாளான குவியலைப் பிரித்துச் சலித்துப் பப்பாளிப் பைகளில் நிரப்பினேன். பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்று அழகாக இருந்தது. விதை முளைத்தது. இரண்டாவது இலை விட்டபோது கன்று முழுக்க வெளிறியது. தழைச்சத்து போதவில்லை என்று யூரியாக் கரைசல் விட்டேன். கொஞ்சம் பச்சை திரும்பியது, பின் மறுபடி வெளிறல். ஒரு பையைக் கிழித்துப் பார்த்தபோதுதான் கலவை ஓர் அங்குலம் இறங்கி, அடியில் புளித்த வாடை அடித்தது தெரிந்தது. வேர் நுனிகள் பழுப்பாக இருந்தன. பாதிக் கன்றுகளைக் கொட்ட வேண்டியதாயிற்று.

நடந்தது என்ன? மக்கி முடியாத பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்குத் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். கரி அதிகமாகவும் தழைச்சத்து குறைவாகவும் உள்ள பொருளில், கலவையில் இருக்கும் தழைச்சத்தை அவை முதலில் பிடித்துக்கொள்ளும். கன்றுக்கு மிச்சமில்லை. அதோடு அவை பிராணவாயுவையும் குடிக்கும். ஏற்கெனவே காற்று குறைந்த பையின் அடிப்பகுதியில் அமிலங்கள் உண்டாகி வேர் நுனியைச் சுடும். தின்னத் தின்னப் பொருள் கரைந்து கலவை கீழே இறங்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பாவது சீக்கிரம் நடக்கும், முதிர்வது மெதுவாகத்தான் நடக்கும். வெப்பத்தைப் பாருங்கள். கிளறி விட்டு நனைத்த பிறகும் குவியல் சூடேறாமல் இருக்க வேண்டும். சரியாகச் சொல்ல வேண்டுமானால் வாய் அகன்ற பிளாஸ்கில், புட்டு மாவுப் பதத்துக்கு ஈரமாக்கிய எருவை நிரப்பித் தெர்மாமீட்டர் செருகி ஐந்தாறு நாள் பாருங்கள். வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறினால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. புட்டு மாவுப் பதம் என்றால் கையில் பிடித்தால் பிடி நிற்கும், விரலால் தட்டினால் உதிரும், விரலிடுக்கில் நீர் வழியாது. குவியலுக்கும் கலவைக்கும் எல்லா இடத்திலும் இந்தப் பதமே அளவு.

மூக்கையும் பயன்படுத்துங்கள். ஈரமாக்கிய எருவை ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடி மூன்று நாள் வைத்துத் திறங்கள். முதல் மழை வாசம் வந்தால் நல்லது. புளித்த மாவு வாடையோ சாக்கடை வாடையோ மூக்கைக் குத்தும் அம்மோனியாவோ வந்தால் குவியலுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசித் தீர்ப்பு விதையினுடையது. எருவும் கோகோபீட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு தட்டில் போடுங்கள். ஏற்கெனவே நல்லது என்று தெரிந்த கலவையை இன்னொரு தட்டில் போடுங்கள். இரண்டிலும் 25 முள்ளங்கி விதை. பச்சைப்பயறு வேண்டாம், அது தன் பருப்பிலேயே சத்தை வைத்துக்கொண்டு மோசமான எருவிலும் முளைத்துக் காட்டும். ஏழு நாளில் எண்ணிக்கையையும் வேரின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். வேர் குட்டையாகத் தடித்து, நுனி பழுத்திருந்தால் இன்னும் காலம் வேண்டும்.

வெளியிலிருந்து லாரியில் எரு வாங்குகிறவர்கள் இதோடு பீன்ஸ் அல்லது தட்டைப்பயறு பத்து விதை போட்டு மூன்று வாரம் வளர்த்துப் பார்க்க வேண்டும். இலை கரண்டி போல் குழிந்து சுருண்டால் களைக்கொல்லி எச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மக்கு உரத்தில் இதுதான் நடந்தது. புல்தரைக்கு அடித்த குளோபைரலிட் என்ற மருந்து, வெட்டிய புல்லோடு குவியலுக்கு வந்து, மக்கும்போதும் சிதையாமல் தங்கி, உரம் வாங்கியவர்களின் தக்காளியைச் சுருட்டியது. எல்லாக் களைக்கொல்லியும் இப்படித் தங்குவதில்லை. ஆனால் தங்குவது எது என்று எருவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, செடியைக் கேட்டால்தான் தெரியும்.

முதிர்ச்சிக்கு எத்தனை நாள் என்று கேட்பீர்கள். சாணமும் இலையும் சேர்ந்த குவியல், ஈரமும் கிளறலும் சரியாக இருந்தால், நான்கு மாதம். அதில் கடைசி ஒன்றரை மாதம் வெறும் ஆறும் காலம். ஆரம்பத்தில் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி தாண்டிச் சில நாட்கள் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளறும்போதும் வெளிப்பக்கம் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் பார்த்தீனியம், சாரணை போன்ற களை விதைகள் சாகும். கோரைக் கிழங்கு இருக்கும் மண்ணைக் குவியலோடு சேர்த்து வாராதீர்கள்.

ஆறும் காலம் வீண் காலம் அல்ல. அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹாயிடிங்க் 1970-கள் முதல் மக்கிய மரப்பட்டையைத் தொட்டிச் செடிகளில் ஆராய்ந்து, வேரழுகலை உண்டாக்கும் பித்தியம், பைட்டோப்தோரா பூஞ்சைகளை அது அடக்குகிறது என்று காட்டினார். சூடு குவியலில் கெட்டதையும் நல்லதையும் சேர்த்தே கொல்லும். ஆறும்போதுதான் நல்ல பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் திரும்பக் குடியேறும். அந்தக் குடியேற்றம் நடக்காமல் சுடச்சுட எடுத்த எருவில் முதலில் யார் வருகிறாரோ அவருக்கே இடம். பெரும்பாலும் அது நாற்றழுகல் பூஞ்சையாக இருக்கும். நாம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலப்பதும் இந்த ஆறும் கட்டத்தில்தான் இருக்க வேண்டும். கொதிக்கும் குவியலில் தூவினால் காசு சாம்பல்.

இன்னும் ஒன்று, வெள்ளைப்புழு. எருக்குழி காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ வீடு. சலிக்காமல் நிரப்பினால் நம் பைகளோடு புழுவும் விவசாயியின் தென்னந்தோப்புக்குப் போய்ச் சேரும். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை கலந்து வைப்பது, நிரப்பும் முன் அரை அங்குலச் சல்லடையில் சலிப்பது, இரண்டையும் தவறாமல் செய்யுங்கள்.

உப்பு

ஒரு கையடக்க ஈ.சி. மீட்டர் எந்த நர்சரியிலும் இருக்க வேண்டிய கருவி. ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ விட்டுக் கலக்கி, அரை மணி கழித்து வடித்து அளந்து பாருங்கள். விதை முளைக்கும் கலவைக்கு 0.75-க்குள் இருக்கட்டும். வளர்ந்த கன்றுக்கு 1.25 வரை போகலாம். 1.75 தாண்டினால் இலை ஓரம் கருகத் தொடங்கும். கூடினால் பயப்பட வேண்டாம், கோகோபீட் பங்கைக் கூட்டலாம், அல்லது எருவை மழையில் ஒரு முறை நன்றாக நனையவிட்டு வடிக்கலாம். நம் பகுதிகளில் கிணற்று நீரே காரமாக இருக்கும், மக்கு உரமும் பெரும்பாலும் காரப்பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இட்லிப்பூ. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அங்கே குறை இரும்புச்சத்தில் இல்லை. இரும்பு இருக்கிறது, காரத்தில் செடிக்கு எட்டவில்லை. இட்லிப்பூ போடும் கலவையில் மக்கு உரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

கலக்கும் அளவு

வேம்பு, புங்கன், மகாகனி போன்ற மரக்கன்றுகளுக்கு நான் கலப்பது: மக்கிய நார்க்கழிவு இரண்டு சட்டி, செம்மண் ஒரு சட்டி, முதிர்ந்த மக்கு உரம் ஒரு சட்டி, கரிந்த உமியோ மணலோ ஒரு சட்டி. பழைய கணக்கில் பாதியாக இருந்த செம்மண் இங்கே ஐந்தில் ஒன்று. முழுக்க நீக்காததற்குக் காரணம் உண்டு. மக்கு உரமும் நார்க்கழிவும் கரைந்துகொண்டே இருப்பவை. ஆறு மாதத்தில் விற்றுப்போகும் கன்றுக்குச் செம்மண் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒன்றரை வருடம் பையில் நிற்கும் மா ஒட்டுக்கன்றுக்குக் கரையாத தாதுப் பொருள் வேண்டும். இல்லாவிட்டால் பை பாதியாக இறங்கி, ஒட்டின் அடி ஆடும். அங்கே செம்மண்ணையும் மணலையும் சேர்த்துக் கலவையில் பாதியாக வைப்பேன்.

தைலமரம், சவுக்குக் கன்றுகளை வளர்க்கும் வேர்க்குழாய்களில் மண் வேண்டாம். மண் போட்டால் குழாயிலிருந்து வேர்க்கட்டி உடையாமல் வராது. மக்கிய நார்க்கழிவு நான்கு, மக்கு உரம் ஒன்று போதும்.

காய்கறி நாற்றின் குழித்தட்டில் இடம் மிகக் குறைவு. ஆழமில்லாத குழியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று மேலே பார்த்தோம். 98 குழித் தட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ கோகோபீட் பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சலித்த மண்புழு உரம் சேர்த்தால் போதும். வேப்பம்புண்ணாக்கைப் பொடியாகக் கொஞ்சம் சேர்க்கலாம். இதற்கு மேல் எரு சேர்த்தால் தக்காளி நாற்று கொழுத்து நெட்டையாகும், நட்டபின் படுத்துவிடும்.

குச்சி நட்டு வேர்விட வைக்கும் இடத்தில் மக்கு உரத்தை எடுத்துவிடுங்கள். வேரில்லாத குச்சிக்குச் சத்து பயன்படாது, வெட்டுவாயில் அழுகல்தான் வரும். ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன்கள் மணற்பாங்கான மண்ணில்தான் வேர்விட்டு ஊர் ஊராகப் போகின்றன. தேயிலைக் குச்சிப் பையின் மேல்பகுதியிலும் எரு சேராத மண்ணும் மணலும்தான். வேர் விட்டு, பைக்கு மாற்றும்போது மக்கு உரம் வரட்டும்.

நிரப்புவதும் நீர் விடுவதும்

கலக்குவதற்கு முந்தின நாளே கோகோபீட்டையும் எருவையும் நனைத்து வையுங்கள். முற்றிலும் காய்ந்த எரு தண்ணீரை ஏற்காது. பூவாளியில் விட்ட நீர் ஓரமாக ஓடிப் பைத்துளை வழியே போய்விடும், நடுவில் தூசி அப்படியே இருக்கும். புட்டு மாவுப் பதத்தில் கலந்து, பையில் போட்டு, தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்புவது செம்மண் காலத்துப் பழக்கம். இந்தக் கலவையில் அது நாம் அளந்து வைத்த காற்றை நசுக்கிவிடும். விளிம்புக்கு முக்கால் அங்குலம் கீழே நிறுத்தினால், கலவை படிந்த பிறகும் நீர் விட இடம் இருக்கும்.

புதுக் கலவைக்கு மாறும்போது நீர் பாய்ச்சுகிற ஆளை உட்காரவைத்துப் பேசுங்கள். மேற்பரப்பு காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். நிறத்தைப் பார்த்து நீர் விட்டால் கன்று அழுகும். பையைத் தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டு முடிவு செய்யப் பழக்க வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

சத்தைப் பொறுத்தவரை, மக்கு உரம் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் நுண்ணூட்டத்தையும் கன்றுக்காலம் முழுவதற்கும் ஏறக்குறையப் பார்த்துக்கொள்ளும். தழைச்சத்து அப்படியல்ல. நல்ல எருவிலும் அது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான், அதிலும் ஒரு சிறு பகுதியே அந்தப் பருவத்தில் வெளிவரும். ஆறாவது வாரத்திலிருந்து அடியிலைகள் வெளிறத் தொடங்கினால், பத்து நாளைக்கு ஒரு முறை லிட்டருக்கு இரண்டு கிராம் பத்தொன்பது-பத்தொன்பது-பத்தொன்பது உரம் கரைத்து விடுங்கள், அல்லது கடலைப் புண்ணாக்கு ஊறிய நீரை நன்றாகத் தெளியவிட்டு விடுங்கள். எருவிலேயே எல்லாம் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்துக் கன்றைப் பட்டினி போட வேண்டாம்.

கலந்த கலவையை நிழலில், தார்ப்பாய் மூடி வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மண் கலந்த கலவையில் நூற்புழு பயம் இருந்தால், அந்தச் செம்மண்ணை மட்டும் சித்திரை, வைகாசி வெயிலில் நனைத்துப் பரப்பி, நிறமில்லாத பிளாஸ்டிக் தாள் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் மூடி வையுங்கள். எருவை அப்படிச் சுட்டால் ஆறவைத்துக் குடியேற்றிய உயிரெல்லாம் போய்விடும்.

கன்று விற்கும்போது வாங்குகிறவரிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். கரிசலிலோ களியிலோ நட்டால், சுற்று மண் ஈரமாக இருக்கும்போதே இந்த இலேசான வேர்க்கட்டி காய்ந்துவிடும். களிமண்ணின் நுண்துளைகள் வேர்க்கட்டியிலிருக்கும் ஈரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதல் மூன்று வாரம் குழியின் ஓரத்தில் நீர் விட்டால் போதாது, தண்டை ஒட்டி வேர்க்கட்டி மேலேயே விழ வேண்டும். நடும்போது வேர்க்கட்டியின் மேல்முகம் வெளியே தெரியாதபடி, தண்டு புதையாமல், விரல் கனத்துக்கு வயல் மண்ணால் மூட வேண்டும். மூடாமல் விட்டால் நார்க்கழிவு விளக்குத் திரி போல வேரின் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் விட்டுவிடும்.